சிவப்பியின் கண்ணைக் கட்டினது

நேற்று நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் இருந்து இங்கிலீசுப் பாடம் படித்தாள்.

“அம்மா, ‘ஹூட்விங்க்’ எண்டா ஏமாத்துறது. முந்தி அதுக்குக் கண்ணைத் துணியால கட்டுறது எண்டுதான் கருத்தாம்.”

எனக்குச் சின்ன வயதில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் பசு சிவப்பியை அக்கரையில் இருக்கும் மூதூரில் ஒருவருக்கு விற்றாயிற்று. துறையில் வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரைக் கண்டதும் சிவப்பி காலை ஊன்றிக்கொண்டு நின்றது. மூன்று பேர் தள்ளியும் ஏலவில்லை. அப்பா தன் தோளில் கிடந்த துவாயால் அதன் கண்ணைக் கட்டினார். துவாயில் மண்ணெண்ணெய் மணத்தது. அப்பவும் அது அசையவில்லை.

“நீ வள்ளத்தில நிண்டு கூப்பிடு பிள்ளை. உன்ர குரலுக்குத்தான் வரும்.”

“விக்காதேங்கோ அப்பா.”

“கதைக்காமல் கூப்பிடு.”

புல்லுக் கொடுக்கும்போது கூப்பிடுவது போலவே கூப்பிட்டேன். சிவப்பி மூக்கை நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து வள்ளத்துக்குள் ஏறியது. வந்து, புல்லைத் தேடி என் கையை நக்கியது. கையில் ஒன்றுமில்லை.

“விளங்கிச்சோ அம்மா?” என்று மகள் கேட்டாள்.

“ஓம் பிள்ளை. சொல்லுத்தான் எனக்குப் புதுசு.”