ஓநாய்க்குப் பத்தியம்

"ஆன்ட்டி, ஓநாய்க்குக் கால்ல புண்ணுன்னா என்ன மூலிகை போடலாம்?"

கிங்ஸ் சர்க்கிளில் நாட்டு மருந்துக் கடை வாசல். கையில் சுக்குப் பொட்டலத்தோடு நின்ற என்னிடம் போன மாதம் ஒருத்தி இப்படிக் கேட்டாள். சின்னப் பிள்ளை இல்லை. ரெஹானா, என் மகளின் பள்ளித் தோழி. சான்பாடாவில் வீடு, கம்பெனியில் பெரிய வேலை, கீழே ஒரு பட்டாளத்தையே மேய்க்கிறாள். விளையாட்டுக்குக் கேட்கிற முகமாகவும் அது இல்லை.

"ஓநாய்க்கா? மாட்டு டாக்டர்கிட்ட கேளும்மா" என்றேன்.

"அங்க டாக்டர்லாம் கிடையாது ஆன்ட்டி. இலை, பாசி, பட்டை... அவ்ளோதான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரைப் பார்த்தேன். பிள்ளையை உடனே எங்கேயாவது உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுப்பது நல்லது என்று தோன்றியது.

காபி வந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. போனில் ஒரு குரூப். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற வளர்ந்த மனுஷர்கள் எல்லாம் அதில் ஓநாய்கள். ஆளுக்கு ஒரு ஓநாய்ப் பெயர். பனி மூடிய ஒரு காடு — கற்பனைதான் — அதில் ஒரு கூட்டம். ஒருவர் நாலு வரி எழுதுவார், அடுத்தவர் தொடருவார். வேட்டை, சண்டை, குட்டி போடுவது, சாவது எல்லாம் இங்கிலீஷில் நடக்கும். பள்ளியில் படிக்கிற காலத்தில் ரெஹானாவும் இன்னொருத்தியும் சேர்ந்து ஆரம்பித்தார்களாம். இப்போது ரெஹானாதான் தலைவி.

"இன்னொருத்தி யாரு?"

ரெஹானா டம்ளரைச் சுழற்றினாள். "அது சொல்லக்கூடாது ஆன்ட்டி. ஃபர்ஸ்ட் ரூல்."

அட, ஓநாய்க்குச் சட்டம் வேறு! ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெளி உலகப் பெயரைக் கூட்டத்துக்குள்ளேயும், யார் எந்த ஓநாய் என்பதை வெளியேயும் சொல்லக் கூடாது. புதிதாக வருகிறவர் எல்லையில் படுத்துக் காத்திருக்க வேண்டும், யாராவது வந்து முகர்ந்து பார்த்து அழைக்கிற வரைக்கும். மருத்துவம் பார்க்கிற ஓநாய் எதிரியானாலும் விரட்டக் கூடாது. இலையைப் பறிக்கலாம், வேரைத் தொடக் கூடாது. எந்த மருந்தையும் முதலில் தன் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும். தலைவியே ஆனாலும் மருந்துக்கு வரிசையில்தான் வர வேண்டும்.

"இதுல ஒண்ணாவது நம்ம ஹவுசிங் சொசைட்டில உண்டா?" என்றேன். சிரிக்கவில்லை அவள்.

"பெரிய குத்தம் எது தெரியுமா ஆன்ட்டி? காயத்தை மறைக்குறது. ஒருத்தர் நொண்டுறதை மறைச்சிட்டு வேட்டைக்கு வந்தா, கூட ஓடுறவங்க சாவாங்க. இப்ப எங்க மருத்துவச்சியே நொண்டுது. கேட்டா ஒண்ணுமில்லங்குது. வெளில யார்கிட்டயும் நான் பேர் சொல்லிக் கேக்கவும் முடியாது."

சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள்.

இந்த இடத்தில் என் மகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரே பிள்ளை. போன வருஷம் வேலை கிடைத்துக் கனடா போய்விட்டாள். செம்பூர் வீட்டில் நான், ஒரு குக்கர், அதன் விசில். ஞாயிற்றுக்கிழமை காலையில், அவளுக்கு அது முந்தின நாள் சாயங்காலம், வீடியோ காலில் வருவாள். என்ன பேசுவோம்?

"நல்லாருக்கேன்மா. நீ?"

"எனக்கென்ன, ராணி மாதிரி இருக்கேன்."

"சாப்டியா?" "சாப்டேன்." "குளிரா?" "குளிர்தான்." முடிந்தது. கழுத்துக்கு மேலே மட்டும் தெரியும். கொஞ்ச நாளாகக் கட்டிலில் சாய்ந்தபடியே பேசுகிறாள். "ஏட்டி, பொழுது சாஞ்ச பிறகும் படுக்கையா? சோம்பேறி" என்று நானும் திட்டினேன். சிரித்துக்கொண்டே போனை வைத்தாள்.

இன்னொன்றும் உண்டு. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எழுத்துக் கூட்டினால் ஒரு வரிக்கு ஒரு கொட்டாவி விடுவாள். இத்தனை வாரமாக நீங்கள் எல்லாரும் படிக்கிற இந்தப் பத்திரிகைப் பத்தியை, நான் யாரைப் பற்றி அதிகம் எழுதினேனோ அவள் ஒரு வாரம்கூடப் படித்ததில்லை. அவள் என்ன எழுதுகிறாள் என்று நான் கேட்டதும் இல்லை. நீங்கள் கேட்டிருக்கிறீர்களா, உங்கள் வீட்டுப் பிள்ளையிடம்?

"நானும் ஓநாயா சேரலாமாம்மா?" என்றேன் ரெஹானாவிடம்.

இதற்காகவே வந்தவள் மாதிரி என் போனைப் பிடுங்கினாள். "எல்லைக்கு யார் வேணா வரலாம். பேரு வைங்க."

"வடாலா."

"அரே ஆன்ட்டி, ஓநாய்க்கு ஸ்டேஷன் பேரு வைக்க முடியாது!"

கடைசியில் 'நரைக்காது' என்று முடிவாயிற்று. தலைமுடியைப் பார்த்துத்தான் அந்தப் பெயரைச் சொன்னாள் என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழையதை எல்லாம் படித்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் எழுதுகிறார்கள். காய்ச்சலுக்கு நிலாப்பாசி என்று ஒன்று. பனிக்கு அடியில் தோண்டி எடுத்து, மென்று, நோயாளியின் நாக்கில் வைக்க வேண்டும். வலிக்குக் கருங்கொடிப் பட்டை. மிதமிஞ்சிப் போனால் தூக்கத்திலேயே உயிர் போய்விடும். ரத்தம் நிற்க, பஞ்சு மாதிரி மயிர் அடர்ந்த ஓர் இலை. பாதியில் நான் சமையலை மறந்து, குக்கர் அடிப்பிடித்தது.

அந்த மருத்துவச்சி ஓநாயின் பெயரைத் தமிழில் சொன்னால் வெண்பனி. எவர் வந்தாலும், குடல் சரிந்தே வந்தாலும், அது முதலில் ஒரு கேள்வி கேட்கிறது. சாப்பிட்டாயா?

எந்த ஊர் ஓநாய் இப்படிக் கேட்கும்? நீங்களே சொல்லுங்கள். போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். என் பிள்ளை. என்னிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத என் பிள்ளை, அங்கே யார் யாருக்கோ பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தாள். பொறாமையாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவளைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

பிறகு ஒரு வரி கண்ணில் பட்டது. 'வெண்பனி பின்னங்காலை நக்கியது. எவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மீண்டும் நடந்தது.' அதற்குப் பிறகு வந்த எல்லாவற்றிலும் அது நொண்டிக்கொண்டே எல்லாருக்கும் இலை பறிக்கிறது. அன்றே எல்லைக்குப் போனேன்.

ஆபீஸில் காலம் எல்லாம் லெட்டர் டிராஃப்ட் பண்ணிய கை இது. என் முதல் ஊளையை இப்படித்தான் எழுதியது: 'மேற்படி கூட்டத்தின் எல்லைக்கு வந்து சேர்ந்துள்ளேன். ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' சுத்தமான ஆபீஸ் இங்கிலீஷ். ஒரு கிழட்டு ஓநாய் வந்து என்னைச் சுற்றி முகர்ந்துவிட்டு, பதில் சொல்லாமலே போய்விட்டது. அன்று முழுக்கப் பனியில் படுத்துக் கிடந்தேன் — அதாவது, செம்பூரில் ஃபேனுக்கு அடியில். மறுநாளும் யாரும் வரவில்லை. பாண்டுப்பில் இருக்கிற என் தம்பி போன் செய்து "என்னக்கா பண்ணுத?" என்றான். "எல்லையில படுத்துக் கெடக்கேன்" என்றேன். பயந்துபோய் அன்று சாயங்காலமே என்னைப் பார்க்க வந்துவிட்டான்.

மூன்றாம் நாள் காலை, நொண்டிக்கொண்டே எல்லைக்கு வந்தது வெண்பனி.

'சாப்பிட்டாயா, நரைக்காது?'

கண்ணீர் மறைத்துவிட்டது. எழுத்தே தெரியவில்லை. 'சாப்பிட்டேன்' என்று எழுதுவதற்குள் மூன்று முறை தப்பாகத் தட்டினேன். பிறகு கேட்டேன் — உன் காலில் என்ன?

'ஒன்றுமில்லை. முள்.'

ஒன்றுமில்லையாம்! இந்த 'ஒன்றுமில்லை'யை நான் எத்தனை வருஷமாகக் கேட்கிறேன்? சின்ன வயதில் காலில் ஆணி ஏறிய அன்றைக்கும் இதைத்தான் சொன்னாள். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்... காடு, பனி, சட்டம், கண்றாவி எல்லாம் மறந்து போயிற்று. மடமடவென்று தட்டினேன். மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் சூடு பண்ணி, பொறுக்கிற சூட்டில் போட்டுத் துணியால் கட்டு. ஆறுகிற வரைக்கும் கத்தரிக்காய் கூடாது. கருவாடு கூடவே கூடாது. புளியைக் குறை. கண்டதைத் தின்று புண்ணைக் கிளப்பி விடாதே!

அனுப்பிய பிறகுதான் உறைத்தது.

கூட்டம் கதி கலங்கிவிட்டது. காட்டில் நெருப்பு ஏது, சூடு பண்ணுவது எப்படி என்று கிழட்டு ஓநாய் கேட்டது. கத்தரிக்காய் என்பது எந்த மிருகம், அதை எப்படி வேட்டையாடுவது என்று இன்னொன்று கேட்டது. தனியாக ரெஹானாவிடமிருந்து ஒரு மெசேஜ்: "ஆன்ட்டி... கத்தரிக்காயா?!" வெண்பனி மட்டும் எதுவும் எழுதவில்லை. நாள் முழுக்க எழுதவில்லை. நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன், இனி அந்தக் காட்டையும் விட்டு ஓடிவிடுவாள் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை பால்காரர் மணி அடிக்கிறார், கூடவே போனும் அடிக்கிறது. புதன்கிழமை!

"என்னட்டி, இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

"ஓநாய் எங்கயாச்சும் கத்தரிக்கா திங்குமாம்மா?"

சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. எந்த இடத்தில் அவள் சிரிப்பு அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை.

"கால் ஒடிஞ்சிருச்சும்மா. ஐஸ்ல வழுக்கிட்டேன். பிளாஸ்டர் போட்ருக்கு. நீ அங்க தனியா உக்காந்து அழுவன்னு சொல்லல."

கேமராவைக் கீழே இறக்கிக் காட்டினாள். கட்டிலில் வெள்ளையாக, பெரிதாக, ஒரு தலையணை மேல் அந்தக் கால். சாய்ந்து சாய்ந்து பேசியதற்கு அதுதான் காரணம்.

"யாரு சமைக்கா?"

"பிரெட்டும்மா."

"பாத்ரூமுக்கு எப்படிட்டி போற?"

"பக்கத்து ரூம் பொண்ணு ஹெல்ப் பண்றாம்மா. நல்ல பொண்ணு. ஆனா அம்மா... எனக்கு இங்க நல்லாவே இல்லம்மா. உன் கையால ஒரு வாய் ரசஞ்சோறு கிடைச்சா போதும்னு இருக்கு."

ரசத்தைக் கூரியரில் அனுப்ப முடியுமா? விசா, டிக்கெட் என்று நான் ஏதோ உளறினேன். வேண்டாம், பனி உருகுவதற்குள் பிளாஸ்டரைப் பிரித்துவிடுவார்கள் என்றாள். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம்.

"நீ எப்படிம்மா இருக்க?"

"எனக்கென்ன, ராணி மாதிரி..."

"அம்மா. ரூல்."

காயத்தை மறைப்பது குற்றம். ஓநாய்க்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை பாருங்கள்.

அப்புறம் சொன்னேன். சாயங்காலம் காய் வாங்குகிற சாக்கில் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் போகிறேன் என்று. இங்கே இருந்தபோது அவள் ஆபீஸ் முடிந்து வந்த அந்தப் பன்வேல் லோக்கல் ரயில் வரும் நேரத்துக்கு, அவள் இறங்கி வந்த படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறேன் என்று. கூட்டம் எல்லாம் இறங்கி, எல்லாரும் போன பிறகு, ஏதாவது ஒரு கீரையை வாங்கிக்கொண்டு திரும்புகிறேன் என்று. தினமும் கீரை... வீட்டில் தின்ன ஆள் இல்லாமல் வாடுகிறது.

"சாப்டியாம்மா?" என்றாள் அவள். "இல்லட்டி" என்றேன். உண்மையைச் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது.

இப்போது வெண்பனிக்குக் கால் ஆறி வருகிறது. கூட்டத்தில் சட்டம் திருத்தியாகிவிட்டது — கத்தரிக்காய் என்பது வடக்கு மலையில் திரியும் ஊதா நிறக் கொடிய மிருகம், காயம்பட்டவர் அதைத் தின்னக் கூடாது. கனடாவில் என் மகளும் பிளாஸ்டர் பிரிக்கிற வரைக்கும் அதை வாங்குவதில்லையாம். காலையில் பால் வாங்கி வைத்ததும் நான் காட்டுக்குப் போகிறேன். அங்கே நரைக்காது இலையை மென்று வெண்பனியின் காலில் வைக்கிறது. பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறது. பிறகு நான் போனை வைக்கிறேன். வீடு அப்படியேதான் இருக்கிறது, நான், குக்கர், விசில். சாயங்காலம் கால்கள் தானாக ஸ்டேஷனுக்குப் போகத்தான் போகின்றன. ஆனால் இப்போது படிக்கட்டுக்குக் கீழே நின்றபடி அவளுக்கு ஒரு போட்டோ அனுப்புகிறேன். "இன்னிக்கு என்ன கீரைம்மா?" என்று பதில் வருகிறது.

ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு எழுதியும் மகளின் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. ரெஹானாவின் பெயரும் ரெஹானா இல்லை. முதல் சட்டத்தை மீறினால் மறுபடியும் எல்லையில் படுக்க வைத்துவிடுவார்கள்... அவளிடமிருந்து அவ்வளவு தூரத்தில் இனி என்னால் இருக்க முடியாது.