எருக்கம்பால் குடித்த புழுக்கள்

உப்புவெளிக் கடற்கரையில் என் வேலியோரம் நின்ற எருக்கலையை அடுத்த வீட்டுக்காரருக்குக் கண்ணில் காட்ட முடியாது. விருந்தினர் விடுதி நடத்துகிறவர். எருக்கலை நின்றால் வீடு விளங்காதாம். ஆனால் ஆவணிச் சதுர்த்திக்குப் பிள்ளையாருக்கு மாலை கட்ட அதில்தான் பூப் பறிப்பார்.

ஒருமுறை, மலைநாட்டு அபூர்வ வண்ணத்துப்பூச்சிகள் தன் விடுதியில் இருப்பதாகப் பலகை எழுதித் தொங்கவிட்டு, நுவரெலியாவிலிருந்து பூச்செடிகள் கொண்டுவந்து நட்டார். உப்புக்காற்றில் அவை ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை. என் எருக்கலையைச் சுற்றி மட்டும் செம்மஞ்சள் செட்டை வண்ணத்துப்பூச்சிகள் பறந்தன. வேலிக்கு வந்தார்.

"உங்கட பக்கம் மட்டும் ஏன் வருது?"

"எருக்கலை இலையைத் திண்டுதான் அதின்ர புழு வளருது. அந்தப் பால் நஞ்சு. அதை உடம்பிலேயே சேர்த்து வைக்கும். செட்டை முளைச்ச பிறகும் நஞ்சு போகாது. குருவி திண்டால் கக்கிச் சத்தி எடுக்கும்," என்றேன்.

"நஞ்சோ? வெள்ளைக்காரருக்கு ஏதும் நடந்தா ஆர் பதில் சொல்லுறது?"

"அவையள் வண்ணாத்திப்பூச்சி தின்ன மாட்டினம்."

நான் சந்தைக்குப் போய் வருவதற்குள் எருக்கலையைப் புழுக்களோடு சேர்த்துத் தறித்துவிட்டார். பலகை மட்டும் இன்னும் தொங்குகிறது.

குருவிக்கு ஒருமுறை சத்தி எடுத்தாலே புத்தி வந்துவிடும்; பிறகு அந்த நிறத்தைக் கண்டால் ஒதுங்கிப் போகும். இவர் அடுத்த சதுர்த்திக்குத் தட்டும் கையுமாக என் வேலிப் படலையில் நின்றார். அடிக்கட்டையைக் காட்டினேன்.

"ஓம், அதை நான்தானே வெட்டினனான். வேற எங்கயும் நிக்குதோ?"