பரலை மாற்றாமல் பிடியை மாற்றிய கதை

புதன்கிழமை எங்கள் துப்பாக்கிக் கடை திறந்த கையோடு ரோசலின் பிஸ்டல் பெட்டியுடன் வந்து நின்றாள். பரமட்டாப் பக்கம் ஆஸ்பத்திரியில் தாதி. ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி. அந்த இடத்துக்காகவே வருடக்கணக்காகச் சுட்டுப் பழகியவள்.

“அன்ரி, எல்லாம் இடப்பக்கம் இழுக்குது. பரலை மாத்துங்கோ. ட்ரிகரையும் மாத்துங்கோ.”

போட்டிக் காற்றுப் பிஸ்டல் அது. பெல்லட் என்கிற சின்ன ஈயக்குண்டு போகும் குழலைத்தான் பரல் என்போம். முதலாளி தேவன் முகம் மலர்ந்து புதுப் பரலை எடுத்தே விட்டார். பழுது பார்க்கும் மேசை என்னுடையது. “பொறுங்கோ தம்பி, முதல் சுட்டுப் பாப்பம்” என்றேன்.

பின்பக்கத்துச் சுடும் அறையில் பிஸ்டலை வைஸ் என்கிற இரும்பு இடுக்கியில் அசையாமல் இறுக்கி ஐந்து பெல்லட் விட்டேன். கடதாசியில் ஒரே ஓட்டை. ட்ரிகரும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரித்தான் விடுபட்டது. பிறகு அவற்றில் என்ன குற்றம்?

பிடியைப் பார்த்தேன். கை பெரிதான ஒருவரிடம் அண்மையில்தான் அவள் வாங்கிய பிஸ்டல். ரோசலினின் கைக்குள் அந்த மரப்பிடி ஆடியது. மரத்தில் அப்பினால் காய்ந்து இறுகும் புட்டிப் பசையை அதில் அப்பி, “பிடிக்கொழுக்கட்டை பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடி” என்றேன். விரல் தடங்கள் அழகாக விழுந்தன.

வியாழன் காலை காய்ந்ததும் சுட்டாள். முன்பைவிட மோசம். இடப்பக்கத்தோடு இப்போது கீழேயும் இழுத்தது.

“அன்ரி, இதை அவிச்சுத் தின்னத்தான் சரி” என்று சிரித்தார் தேவன். “இப்ப பரலை எடுக்கட்டோ?”

ரோசலினுக்குக் கண் கலங்கிவிட்டது. “இண்டைக்கு நைட் டியூட்டி அன்ரி. இனி எனக்கு நாள் இல்லை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இறுக்கிப் பிடித்த தடத்தில் கை வைத்தால் ஒவ்வொரு முறையும் இறுக்கத்தான் வரும்; இறுக்கினால் குறி இழுபடும். புட்டி முழுவதையும் அரத்தால் ராவி எடுத்துவிட்டுப் புதிதாக அப்பினேன்.

“ரோட்டைக் கடக்கேக்க மகளின்ரை கையைப் பிடிப்பாய் எல்லே? அப்பிடிப் பிடி. ஓடவும் விடாதை, நோகவும் விடாதை.”

வெள்ளி காலை டியூட்டி உடுப்போடே வந்து சுட்டாள். ஐந்தும் நடுக் கறுப்பு வட்டத்துக்குள். தேவன் புதுப் பரலைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

பாகம் வாங்க வருகிற பிள்ளைகளே, முதலில் வைஸில் வைத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நேராகப் போனால் பரலில் கை வைக்காதீர்கள். கை தொடுகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று கடவுளுக்கும் தெரியாது.

ஞாயிறு பின்னேரம், நானும் தேவனும் போயிருந்த போட்டி மண்டபத்தில், அணிக்கு எடுத்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். முதல் பெயரே ரோசலின். நான் கதிரையை விட்டு எழும்பி நின்று கை தட்டினேன்.

“அன்ரி, இருங்கோ, ஆக்கள் பாக்கினம்” என்றார் தேவன்.

“பாக்கட்டும் தம்பி. சுட்டது அவள், பிடி என்ரை.”