சாலாவுக்கு ஏறிய குளுக்கோஸ்

மீனலோசனியின் ஆராய்ச்சி முழுக்க ஒரே ஒரு வைட்டமினைப் பற்றியது: பி1, தயமின். சாப்பிடும் சர்க்கரையை உடம்பு சக்தியாக மாற்ற வேண்டுமென்றால் சில என்சைம்களுக்கு அது கூடவே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவை வேலை செய்யாது. காரைக்குடியில் ஆய்வுக்கூடம், செக்காலையில் வாடகை வீடு. கல்யாணப் பேச்சை எடுத்தவர்கள் எடுத்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

தங்கை சாலா கொத்தமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளை உண்டானபோது அவளுக்கு வாந்தி நிற்கவேயில்லை. ஆச்சி என்று அவள் கூப்பிடும் அக்காவுக்குப் போன் செய்தாள்.

"ஆச்சி, தண்ணி குடிச்சாலும் வெளிய வந்துருது. ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்துறாக."

"மசக்கைன்னா அப்படித்தான்டி. அடுத்த வாரம் வாரேன்."

அப்போது மீனலோசனியின் எதிரே தயமின் இல்லாத தீனி தின்ற எலிகள் கூண்டில் இருந்தன. அவற்றின் மூளையில் எந்த என்சைம் முதலில் ஓய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டுரை முடியவில்லை. அடுத்த வாரம் அதற்கடுத்த வாரமானது.

ஒருவழியாகப் போனபோது சாலாவின் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தன. இறங்கி நிற்கக் கால் தள்ளாடியது.

"அப்பச்சி சாப்ட்டாகளா ஆச்சி?"

தகப்பனார் இறந்து வருடங்கள் ஆகியிருந்தன. கண், கால், ஞாபகம்: மூன்றும் தயமின் வற்றிய மூளையின் அடையாளங்கள் என்று மீனலோசனிக்குத் தெரியும். வாந்தியில் போனது போகச் சாலாவின் உடம்பில் மிச்சமிருந்த தயமினையும் அந்தக் குளுக்கோஸ் தீர்த்திருந்தது. டாக்டரிடம் ஓடினாள்.

"தயமின் போட்டீங்களா?"

"வைட்டமின் மாத்திரை குடுத்தோம்மா. கக்கிடுறாங்க."

"ஊசியாப் போடுங்க. இப்பவே."

அவர் மறுக்கவில்லை. மறுநாளே கண் நிலைக்கு வந்தது. ஞாபகம் வரவில்லை. குழந்தை ரோகிணி நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்குப் பால் கொடுத்தோமா இல்லையா என்பது தாய்க்கு நினைவில்லை. இன்றும் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறாள்.

சாலாவின் கணவன் ஈஸ்வரன் சண்டை போடவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டான்: "நீங்க படிச்சது இதைத்தானே?"



அந்தக் கட்டுரை வெளிவந்தது. அதனால் பதவி உயர்வும் வந்தது. ஓயாமல் வாந்தி எடுக்கிறவர்களுக்குக் குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் போடச் சொல்லிச் சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் நடந்தாள். சிலர் காது கொடுத்தார்கள். சாலாவுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொத்தமங்கலம் போகிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சாலா பெருமையாகச் சொல்வாள்: "எங்க ஆச்சி வைட்டமின்ல பெரிய ஆராய்ச்சி பண்றாக." சற்று நேரத்தில் அதையே மறுபடியும் சொல்வாள். மீனலோசனி ரோகிணியை மடியில் இழுத்து வைத்துத் தலை பின்னிக்கொண்டிருப்பாள்.