நாற்பத்தோராவது பலகை

பாய்லர் லைனில் நாற்பத்தோரு வீடுகள் இருந்தன. அமைச்சருக்கு மட்டும் அது தெரியவில்லை. பழைய பாய்லர் கம்பெனியின் பின்சுவரை ஒட்டிய அரசு நிலம் காலியாகக் கிடக்கிறது, அங்கே வணிக வளாகம் கட்ட எந்தத் தடையும் இல்லை என்று சட்டசபையில் எழுந்து நின்று சொல்லிவிட்டார். மறுநாள் கன்னடப் பேப்பரில் வந்தது. லைன் சங்கச் செயலாளர் பெருமாள்சாமி அதைக் குழாயடிக்குக் கொண்டுவந்து சத்தமாகப் படித்துக் காட்டினார். குடத்தோடு நின்ற பெண்கள் முதலில் சிரித்தார்கள். பத்தாம் தேதி திங்கட்கிழமை நிலத்தைச் சமன்செய்ய இயந்திரம் வரும் என்ற கடைசி வரிக்கு வந்தபோது சிரிப்பு நின்றுபோனது. அது 1997 மார்ச் மாதம். கையில் ஒன்பது நாட்கள் இருந்தன.

குடத்தோடு நின்றவர்களில் நோராவும் ஒருத்தி. வயது நாற்பத்திரண்டு. ஓசூர் ரோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியில் அவள் கணவன் ஆம்ப்ரோஸ் சவப்பெட்டிக் கடை வைத்திருந்தான். பெட்டியும் சிலுவையும் அவன் செய்வான், அதில் பெயர் எழுதுவது நோரா. தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் அவள் கைக்குத் தண்ணீர்பட்ட பாடு. மறைவு என்ற வரியைத்தான் முதலில் எழுதுவாள். செத்த தேதி அழுதுகொண்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பிறந்த தேதிக்குத்தான் டிரங்குப் பெட்டியைக் கிளறி, சர்ட்டிபிகேட் தேடி, அத்தையைக் கேட்டு வருவார்கள். அது வந்துசேரும்வரை தோற்றம் என்ற வரி காலியாக இருக்கும். இருபது வருடப் பழக்கம்.

அவளுக்கு ஒரு அவமானமும் இருந்தது. தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரம் வெடித்தபோது கடை வாசலில் தமிழில் ஒரு போர்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவளே பார்த்துப் பார்த்து எழுதியது. பக்கத்துத் தெருவில் கடை எரிகிறது என்று யாரோ ஓடிக்கொண்டே சொன்னதும், தார் டப்பாவை எடுத்துத் தன் எழுத்தின் மேல் தானே பூசிவிட்டாள். கும்பல் அந்தப் பக்கம் வரவே இல்லை. யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் தமிழைக் கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே மட்டும்தான் எழுதினாள். செத்தவன் தமிழனாக இருந்தால் யாருக்கும் கோபம் வராது என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லிவிட்டு அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

பெருமாள்சாமி நான்கு நாள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். எல்லா மேஜையிலும் ஒரே கேள்விதான். அங்கே வீடு இருப்பதற்கு அத்தாட்சி என்ன? கதவு எண் கிடையாது. ரேஷன் கார்டு இருந்தவர்களும் சொந்தக்காரர் விலாசத்தில் வாங்கியிருந்தார்கள். மல்லேஸ்வரத்தில் சீனிவாசராகவன் என்ற வக்கீல் மட்டும் உட்காரவைத்துக் காபி கொடுத்தார். "நீங்க அங்க இருக்கேள்னு நான் நம்பறேன். ஜட்ஜ் நம்பணுமே! சர்க்கார் காகிதம் ஒண்ணே ஒண்ணு, அதுல வீடுன்னு ஒரு வார்த்தை இருக்கட்டும். தடை வாங்கித் தரது என் பொறுப்பு" என்றார். அந்த ஒரு வார்த்தை எங்கேயும் இல்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் குழாயடிக் கூட்டத்தில் நோரா வாயைத் திறந்தாள்.

"காலி நெலம்னு சொல்றாங்க இல்ல? நாம எழுதி நட்டு வெப்போம். ஒவ்வொரு வூட்டு முன்னாடியும். இது எப்ப பொறந்துச்சு, யாரு கட்டுனாங்கன்னு. கல்லறைல எழுதற மாரியே எழுதறேன். மறைவுன்னு போட்டு அந்த எடத்தை மட்டும் காலியா வுட்டுடுவேன். இடிக்க வர்றவன் அவன் கையால தேதி எழுதட்டும்."

பக்கத்து வீட்டுச் சந்திரம்மா பாய்ந்துவிட்டாள். "உயிரோட இருக்கற எங்களுக்கு சிலுவை நடுவியா நோராக்கா? உனுக்கு இன்னா பைத்தியமா? எங்க வூட்ல மாரியாத்தா படம் இருக்குது, பெருமாள்சாமி அண்ணன் வூட்ல புத்தர் இருக்காரு. எங்களையும் சேத்து பொதைக்கப் பாக்கறியா?"

"சிலுவை வேணாம், பலகை போதும்" என்றான் ஆம்ப்ரோஸ். சவப்பெட்டி அறுத்து மிஞ்சிய துண்டுகள் கடையில் குவிந்து கிடந்தன. "ஆளுங்க பேரு ஒண்ணுகூட எழுத வேணாம். வூடுன்னு மட்டும் எழுதட்டும்."

அரைமனதாக ஒத்துக்கொண்டார்கள். எந்த மொழி என்பதில் இன்னொரு சண்டை. கன்னடம் மட்டும் போதும், வீணாக வம்பை விலைக்கு வாங்க வேண்டாம் என்றார் பெருமாள்சாமி. "மேல கன்னடம், கீழ தமிழ். ரெண்டும் இல்லாங்காட்டி நான் எழுதல" என்றாள் நோரா. அதற்கும் ஒத்துக்கொண்டார்கள்.

அடுத்த மூன்று நாளும் நோரா வீட்டு வாசலில் வரிசை நின்றது. வீட்டுக்குப் பிறந்த தேதி சொல்வது அவ்வளவு லேசாக இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் வருடத்துக்காகச் சண்டை போட்டார்கள். சந்திரம்மா இடுப்பில் கை வைத்து முறைப்பாக நின்றவள், சொல்ல ஆரம்பித்ததும் உட்கார்ந்துவிட்டாள். நோரா எழுதினாள்: வீடு. தோற்றம் 1974 ஆடி. மழையில் இரண்டு முறை விழுந்து மூன்றாவது முறை நின்றது. மறைவு. அதற்கு எதிரே வெறும் மரம். சந்திரம்மா அதை வாங்கிப் புடவைத் தலைப்பால் மூடி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி எடுத்துப்போனாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு நாற்பது பலகை முடிந்தது. தன் வீட்டுப் பலகையை நோரா கடைசிக்கு வைத்திருந்தாள். கண் எரிந்தது, விரல் மரத்துப்போயிருந்தது. ஊர்ப் பேச்செல்லாம் நாளைக்கு என்ன ஆகுமோ என்ற ஒரே பேச்சு. பலகையை மடியில் வைத்தாள். இருபது வருடக் கை தன் பாட்டுக்கு மறைவிலிருந்து ஆரம்பித்தது. எழுதி முடித்துத் தூரிகையை எடுத்தபோதுதான் பார்த்தாள். மறைவு, 10.3.1997. வழவழவென்று இழைத்த மரத்தில் கறுப்பு எனாமல் ஈரமாக மின்னியது.

சந்திரம்மாதான் முதலில் பார்த்தாள். "ஐயோ, நீயே நாள் குறிச்சிட்டியே பாவி!" என்று வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அபசகுனம் என்றார் ஒருவர். இந்தப் பொம்பளை பேச்சைக் கேட்டதே தப்பு, எல்லாப் பலகையையும் அடுப்பில் போடுங்கள் என்றார் இன்னொருவர். பெருமாள்சாமி இரண்டு கையையும் விரித்து வழிமறித்து நின்றார்.

ஆம்ப்ரோஸ் கடையிலிருந்து தார் டப்பாவை எடுத்துவந்தான். இழைத்த மரம் எனாமலைக் குடித்துவிட்டது, துடைத்தாலும் தேதி தெரியும். வேறு பலகை எழுதவும் வழியில்லை. ஒரு பெயருக்கு ஒரே பலகைதான், இரண்டாவது எழுதினால் இரண்டாவது சாவு என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் மதிக்கிற கட்டு. அவன் அப்பா காலத்திலிருந்து அதை யாரும் மீறியதில்லை. "தேதி மேல மட்டும் பூசிடு நோரா" என்றான்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். தார் வாசனை மூக்கில் ஏறியதும் ஐந்து வருடம் பின்னால் போய்விட்டாள். "ஒரு தபா பூசுனது போதுங்க" என்றாள். பலகையை வீட்டுக்குள் கொண்டுபோய் அரிசி டின்னுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். மற்ற நாற்பதும் அன்று பொழுது சாய்வதற்குள் வாசல்களில் ஊன்றப்பட்டன. நோரா வாசல் மட்டும் மொட்டையாக இருந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரை மணிக்கு மஞ்சள் இயந்திரம் வந்தது. பின்னால் ஒரு ஜீப்பில் இன்ஜினியர், ஒரு வேனில் போலீஸ். தகவல் கேட்டுப் பேப்பர்காரர் ஒருவர் கேமராவோடு வந்திருந்தார். பெண்களும் ஆண்களும் வீட்டுக்கு முன்னால் பலகைக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

ஹெட் கான்ஸ்டபிள் கிருஷ்ணப்பா முதல் பலகைக்கு முன்னால் குனிந்து கன்னட வரிகளை வாய்விட்டுப் படித்தார். பிறகு இரண்டாவது. மூன்றாவதைப் படித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார். ஏன் கழற்றினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"எல்லாத்தையும் புடுங்கிப் போடுங்கப்பா" என்றார் இன்ஜினியர்.

கான்ஸ்டபிள்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்லறைப் பலகையைப் பிடுங்குகிற கை விளங்காது என்று எல்லா வீட்டிலும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். இயந்திரக்காரர் கோலாரிலிருந்து வந்த சாயபு, தாடி நரைத்தவர். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "கோரி மேல, பொதைச்ச எடத்து மேல வண்டி வுடமாட்டேன் சார். என் அப்பன் கோரியும் இப்பிடித்தான் பலகையோட இருக்குது."

"கோரியா? இது எங்கய்யா கோரி? இது காலி நெலம்!" இன்ஜினியர் கத்தினார். நாற்பத்தோரு வீட்டு ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த வார்த்தை அவர் வாயிலேயே நாறியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வெறுங்கையோடு திரும்பினால் மேலதிகாரிக்கு என்ன சொல்வது? லைன் முழுக்கக் கண்ணை ஓட்டியவர் நோரா வாசலில் நிறுத்தினார்.

"அதுல பலகை இல்லையே. அதை இடி."

சாயபு தயங்கி, பலகை இல்லாததைத் திரும்பத் திரும்பப் பார்த்து, இன்ஜினைப் போட்டார். ஆம்ப்ரோஸ் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றான். இரண்டு கான்ஸ்டபிள்கள் அவனை இழுத்தார்கள், சட்டை கிழிந்தது. இருபத்திரண்டு வருடம் வாழ்ந்த வீடு. நோரா உள்ளே ஓடினாள். நகையோ துணியோ எடுக்கத்தான் போகிறாள் என்று கிருஷ்ணப்பா கையைக் காட்டி வண்டியை நிறுத்தினார். அவள் அந்தப் பலகையோடு வெளியே வந்து வாசலில் ஊன்றினாள்.

"இன்னிக்கு தேதிதான் சார் போட்டிருக்குது. என் கையாலதான் போட்டேன். நீங்க இடிச்சே ஆவணும்னா இடிங்க. ஆனா எழுதாம பொதைக்க வுடமாட்டேன். அநாதைப் பொணத்துக்குக்கூட நான் பலகை எழுதாம அனுப்புனதில்ல. எழுதிட்டு இடிங்க."

"மஹஜர் போடணும் சார்" என்றார் கிருஷ்ணப்பா, எங்கோ பார்த்துக்கொண்டு. இடிக்கிற இடத்திலேயே எழுதிச் சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் அது. "லைன் ஆளுங்க ரெண்டு பேர் சைன் வேணும்."

இன்ஜினியர் எரிச்சலோடு ஜீப்பின் பானட்டில் காகிதத்தை விரித்தார். ஷெட் ஒன்று அகற்றப்பட்டது என்று கன்னடத்தில் எழுத ஆரம்பித்தார். நோரா அவர் தோளுக்குப் பின்னால் நின்று எழுத்தெழுத்தாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெட் இல்ல சார். மனெ அந்த பரீரி." வீடு என்று எழுதுங்கள் என்று கன்னடத்திலேயே சொன்னாள்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணு இல்ல சார். வீடுன்னு எழுதுங்க, எப்ப பொறந்துச்சுன்னும் எழுதுங்க."

பெருமாள்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது. வக்கீல் கேட்ட ஒரு வார்த்தை இதுதான். முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளாமல், "அப்பிடி எழுதுனா நானும் சைன் போடறேன், சந்திரம்மாவும் போடுவாங்க. இல்லாங்காட்டி இந்த லைன்ல ஒருத்தரும் போடமாட்டாங்க" என்றார். கேமரா கிளிக் என்றது. இன்ஜினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஷெட் என்ற வார்த்தையை அடித்தார். மேலே வீடு என்று எழுதினார். என்றைக்குக் கட்டியது என்றார். பலகையில் தோற்றம் என்ற வரி இன்னும் காலியாகத்தான் இருந்தது. "தொள்ளாயிரத்து எழுபத்து நாலு, டிசம்பர்" என்றாள் நோரா. அதையும் எழுதினார்.

வீட்டுக்காரியே இடிக்கச் சொல்லிவிட்டதால் சாயபு பலகையில் படாமல் வண்டியை விட்டார், வீடு விழுவதற்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. நோரா அழவில்லை. சந்திரம்மாதான் அவளைக் கட்டிக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதாள். ஜீப் போன பிறகு பெருமாள்சாமி மஹஜர் நகலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். பாய்லர் லைனில் வீடு இருந்தது என்று முதன்முதலாகச் சொன்ன சர்க்கார் காகிதம் அதுதான்.

வெள்ளிக்கிழமை சீனிவாசராகவன் தடை வாங்கிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், மனுஷன். தற்போது அங்கே நிற்கும் நாற்பது வீடுகளை மறு உத்தரவு வரும்வரை யாரும் தொடக்கூடாது. நோராவின் வீடு நிற்கவில்லை, ஆகவே அது உத்தரவில் வரவில்லை. அதே இடத்தில் மறுபடியும் கட்டக்கூடாது என்று போலீஸ் வந்து சொல்லிவிட்டுப் போனது.

வக்கீல் சொன்னது ஞாபகம் வந்துதான் அப்படிச் செய்தாயா என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை என்றுதான் அவள் சொல்வாள். அது வீடு, அதை ஷெட் என்று எழுதினால் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்பாள். வீடு போனது இன்னும் வலிக்கிறது என்றும் ஒளிக்காமல் சொல்வாள்.

ஆம்ப்ரோஸும் அவளும் கடைக்கே குடிவந்தார்கள். பெட்டிகளை ஒரு பக்கம் அடுக்கிவிட்டு மறுபக்கம் பாய் விரித்துக்கொண்டார்கள். வந்த முதல் வாரம் அவள் வாசல் போர்டைக் கழற்றி, தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தமிழில் புதிதாக எழுதி மாட்டினாள். பெருமாள்சாமி மஹஜரின் ஜெராக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். நோரா அதை வெளிச்சத்தில் பிடித்து, இன்ஜினியர் எழுதிய வீடு என்ற வார்த்தையின் மேல் விரலை வைத்தாள்.

"எழுத்து நல்லால்ல" என்றாள். "ஆனா படிக்க முடியுது." அப்புறம்தான் அழுதாள்.