பால் வைத்து மூடிய காயம்

பிள்ளைகளே, கொஞ்ச காலம் உங்கள் மாமா விடிந்ததும் மேட்டு லயத்தில் தன் வீட்டு வாசலில் நின்று, இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் இருவரும் பதிலுக்கு அடிக்கப் பார்த்து, வெறும் காற்று வர, விழுந்து விழுந்து சிரித்தீர்கள். விளையாட்டு என்று நினைத்தீர்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். போன வாரம் பெரியவள் விஞ்ஞானப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'பிறபொருளெதிரி, பிறபொருளெதிரி' என்று சத்தமாகப் படித்தபோதுதான் இதை எழுதித் தர வேண்டும் என்று தோன்றியது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இல்லை.

ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கத்தி விரலில் பட்டால் பதறமாட்டார்கள். பக்கத்து மரத்தில் பால் வடியும் சிரட்டையில் விரலைத் தோய்த்து, காயத்தில் பாலைத் தடவி, ஊதிக் காய விடுவார்கள். அது தோல் போல ஒட்டிக்கொள்ளும், ரத்தம் நின்றுவிடும், வேலையும் நிற்காது. இன்னொரு பழக்கமும் உண்டு. காயம் பெரிதாகி ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், முதலில் அந்தப் பாலை உரித்து எடுத்துவிடுவார்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நல்ல சட்டை மாட்டிக்கொண்டுதான் புறப்படுவார்கள். பாலோடு போனால் ஆஸ்பத்திரியில் ஏச்சு விழும், தோட்டத்து ஆட்களுக்கு எத்தனை தரம் சொல்வது என்று எல்லோர் முன்னாலும் கேட்பார்கள். அந்த வெட்கம்தான். சின்னக் காயம் என்றால் இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம்.

அந்த விசிலுக்கு முன் ஒரு நாள், உங்கள் மாமா காலைத் தாங்கித் தாங்கி நடப்பதை உங்கள் அம்மா பார்த்துவிட்டாள். உள்ளங்கால் வீங்கியிருந்தது. தம்பியின் பேச்சுக்கு இடம் கொடுக்காமல், கூட்டிக்கொண்டு போங்கள் என்று என்னிடம் ஒப்படைத்தாள். மாமா வழக்கம்போலக் குளித்து, கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு என் த்ரீவீலில் ஏறினார். ரோட்டோரத்துச் சின்ன ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்த இடம் இல்லாததால் நான் வெளியிலேயே நின்றேன். சீக்கிரமே திரும்பி வந்தார். கையில் பஞ்சு ஒட்டியிருந்தது. ஏற்பூசி போட்டார்கள், மாத்திரை கொடுத்தார்கள், வேலை முடிந்தது என்றார்.

திரும்பி வரும் வழியில்தான் மாமா கதையைச் சொன்னார். அவருக்கு அது வீரக்கதை. முந்தின நாள், மழை கறுத்து வந்த நேரம், பழைய மாட்டுப் பட்டிக்குக் கீழே இருக்கும் மரங்களில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறார். சாணிச் சேற்றுக்குள் கிடந்த பட்டிவேலிக் கம்பி செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. அதைப் பிடுங்கி எறிந்திருக்கிறார்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு என்ன, வாளியில பால் இருக்கே. ஓட்டைக்குள்ள ஊத்தி அமுக்கிப் பிடிச்சேன். மழைக்கு முந்தி எல்லாச் சிரட்டையையும் எடுத்துட்டேன், அத்தான். ஒரு சொட்டு வீணாகல."

டொக்டரிடம் இதைச் சொன்னாயா என்று கேட்டேன். சிரித்தார். காலையில் கத்தி லேசாகக் கீறிவிட்டது என்று சொன்னாராம். மேல்தோல் கழுவித் துடைத்துச் சுத்தமாக இருந்ததால் டொக்டரும் கீறல் என்றே எடுத்துக்கொண்டாராம்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

ஏன் நிறுத்தினேன் என்பதை இதற்குமுன் உங்களிடம் நான் சொன்னதில்லை. நீங்கள் சிறுவர்களாக இருந்தபோது, எங்கள் தோட்டத்தின் பக்கத்து டிவிஷன் பெரியவர் ஒருவரை இதே த்ரீவீலில் ஏற்றிப்போனேன். எருக்குழி அருகில் காலில் ஏதோ குத்தி, அது ஆறியும் போயிருந்தது. அதற்குப் பிறகுதான் ஏற்புவலி என்கிற டெட்டனஸ் வந்து தாடை இறுகியது. தேத்தண்ணியைப் பல்லிடுக்கில் ஊற்றினால் வழிந்தது. வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் அவர் உடம்பு வில் போல வளைந்தது. நான் ஹோர்ன் அடித்தேன், அந்தச் சத்தத்துக்கும் வளைந்தது. பிறகு ஹோர்னைத் தொடவே இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தது, கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவர் திரும்பி வரவில்லை. குத்தின அன்றைக்கே வந்து உள்ளதைச் சொல்லியிருந்தால் அதற்கென்று தனியாக ஒரு ஊசி உண்டு, சாதாரண ஏற்பூசி மட்டும் போதாது என்று அங்கே ஒருவர் என்னிடம் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

திரும்பிப் போகவேண்டும் என்றேன். மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே நாளில் இரண்டு தரம் போய், பொய் சொன்னேன் என்று அந்த லேடி டொக்டர் நோனாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லவேண்டுமா என்று கேட்டார். ஊசி ஊசிதானே என்றார். இறங்கி நடப்பேன் என்று ஒரு காலை வெளியில் வைத்தார்.

"நட. நடந்து வீட்டுக்குப் போ. ஒங்க அக்கா கேப்பா. நான் ஏத்திட்டுப் போன அந்தப் பெரியவர் எப்படிச் செத்தார்னு அவகிட்ட நான் இதுவரைக்கும் சொன்னதில்ல. இன்னைக்குச் சொல்லிருவேன்."

மாமா காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நான் பேசவில்லை. எனக்கு மாமாவை விடச் சிங்களம் நன்றாக வரும், ஆனாலும் அவரே சொல்லட்டும் என்று நின்றேன். மாமா குனிந்து செருப்பைக் கழற்றி, டொக்டர் நோனாவின் மேசைக்குக் கீழே நீட்டினார். செருப்பின் நடுவில் கம்பி துளைத்த ஓட்டை. அதையும் பால் விட்டு அடைத்திருந்தார் மனுஷன். டொக்டர் செருப்பைப் பார்த்தார், மாமாவின் முகத்தைப் பார்த்தார். ஏசுவார் என்று இருவரும் காத்திருந்தோம். ஏசவில்லை. அவர் முகம் மாறியதுதான் எனக்கு ஏச்சை விடப் பயமாக இருந்தது.

கட்டிலில் ஏற்றி, இடுக்கியால் காயத்தின் வாயை விரித்துப் பார்த்தார். உள்ளேயிருந்து கறுத்த ரப்பர் ஒன்று குட்டி விரல் நுனியளவுக்குக் கழன்று வந்தது. அதோடு சேறும் வந்தது. இந்தக் கிருமிக்குக் காற்றுப் படாத இடம்தான் பிடிக்குமாம். சாணியையும் மண்ணையும் உள்ளே வைத்து அழகாக மூடி முத்திரை குத்தியிருக்கிறீர்கள் என்றார். முடிந்த மட்டும் கழுவிக் கட்டுப்போட்டார். தேவையான மற்ற ஊசி அங்கே இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும், இப்போதே போங்கள் என்று கடிதம் எழுதினார். அம்புலன்ஸ் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தது.

மழை கொட்டத் தொடங்கியது. நான் ஒவ்வொரு வளைவிலும் கண்ணாடியில் மாமாவின் தாடையைப் பார்த்தேன். அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் வராது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மனது கேட்டால்தானே.

"மச்சான், வாயத் தொற."

"தொறந்தா என்ன போடுவீங்க? பிரியாணியா?"

"தொறடா."

திறந்தார். மூன்றாம் தரம் கேட்டபோது சிரிக்காமல் திறந்தார். அதற்குப் பிறகு நான் கேட்காமலே அவ்வப்போது தன் தாடையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

தெரணியகலை ரோட்டில் ஓரிடத்தில் மேட்டு மண் சரிந்து பாதையை மூடியிருந்தது. மண் அள்ளும் பெக்கோ வருகிறது என்றார்கள், எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. மழைக்காலத்தில் எங்கள் பக்கத்து டிரைவர்மாருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சரிவுக்கு இந்தப் பக்கம் இருக்கிற வண்டிகளும் அந்தப் பக்கம் இருக்கிற வண்டிகளும் ஆட்களை மாற்றிக்கொள்ளும். யார் வண்டி, யார் ஊர் என்று பார்ப்பதில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு சிங்களப் பையன் த்ரீவீலோடு நின்றான். நடுவில் முழங்கால் சேறு. இந்தப் புண்ணை மறுபடி சேற்றில் வைக்கவா முடியும்? கட்டுப்போட்ட காலை ரொட்டிப் பையால் சுற்றிக் கட்டி, மாமாவை முதுகில் ஏற்றிக்கொண்டேன். என்னை விட அவர் கனம். நடுச்சேற்றில் கால் புதைந்து நின்றுவிட்டேன். மேலே இருந்து சின்னக் கற்கள் உருண்டன. மாமா என் காதருகே, விட்டுட்டுப் போங்க அத்தான், நான் தவழ்ந்து வர்றேன் என்றார். அப்போது அவர் குரலில் விளையாட்டு இல்லை. அந்தச் சிங்களப் பையன் களிசானை மடித்துக்கொண்டு இறங்கி வந்து, மறுபக்கம் மாமாவின் தொடையைத் தாங்கிப் பிடித்தான். "ஹரி, ஹரி, யமு" என்றான். போகலாம், போகலாம் என்று. போனோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் முதலில், சின்ன வயதில் என்னென்ன ஊசி போட்டது என்று கேட்டார்கள். மாமாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் ஊசி போட வருகிற வயதுக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவர். சொல்லக்கூடிய பெற்றோரும் இல்லை. அப்படியானால் போடாதவர் என்றே வைத்துக்கொள்வோம் என்று டொக்டர் முடிவு செய்தார். மரத்துப்போக மருந்து கொடுத்து, காயத்தை வெட்டித் திறந்து, தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். இதைத் தைத்து மூடக்கூடாது, திறந்தே ஆறட்டும் என்றார்கள். பிறகு தொடையில் அந்த ஊசியைப் போட்டார்கள்.

ஊசி போட்ட நர்ஸ் மிஸ்ஸி மாவனல்லைக்காரர், தமிழில் பேசினார். நான் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். கையில் போட்ட ஏற்பூசி உடம்புக்குப் பாடம் சொல்லித் தருகிற ஊசி. கிருமியின் நஞ்சை எதிர்க்கும் பிறபொருளெதிரியை எப்படிச் செய்வது என்று உடம்பு படிக்கவேண்டும், அதற்கு நாள் எடுக்கும். நஞ்சு அதுவரை காத்திருக்காது. தொடையில் போட்டது செய்து முடித்த பிறபொருளெதிரி, போனவுடன் வேலைக்கு இறங்கும். ஆனால் அது கொஞ்ச காலத்தில் கரைந்துவிடும். அதனால் படிப்பையும் விடக்கூடாது, மிச்ச ஏற்பூசிகளுக்கும் தவறாமல் போகவேண்டும்.

செய்து முடித்தது என்றால் யார் செய்தது என்று மாமா கேட்டார். முன்பே ஊசி போட்டுக்கொண்ட யாரோ சிலர் கொடுத்த ரத்தத்திலிருந்து எடுத்தது என்றார் மிஸ்ஸி. மாமா தன் தொடையைத் தடவிப் பார்த்தார்.

"படிச்ச ரத்தம்னா, இனி எனக்குக் கணக்கும் வருமா மிஸ்ஸி?"

மிஸ்ஸி சிரித்தார். அன்று முழுவதும் எனக்கு முதல்முறையாக மூச்சு சரியாக வந்தது. ஆனால் வெளியே வரும்போது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். உடம்பில் சுற்றுகிற நஞ்சைத்தான் இந்த ஊசி பிடிக்கும், ஏற்கெனவே நரம்பைப் பிடித்துவிட்ட நஞ்சை இதனால் பிடுங்க முடியாது என்றார்.

"நேத்துப் பட்ட காயம். அநேகமா ஒண்ணும் வராது. ஆனாலும் வாய் திறக்க முடியுதா, விழுங்க முடியுதான்னு கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோங்க."

இதை நான் மாமாவிடம் முழுதாகச் சொல்லவில்லை. தினமும் விடிந்ததும் மேட்டில் நின்று விசிலடி, பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொன்னேன். விரலை வைத்து விசிலடிக்கத் தாடை நன்றாகத் திறக்கவேண்டும், உதடும் நாக்கும் சொன்ன பேச்சைக் கேட்கவேண்டும். மாமா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சரி என்றார். அவருக்கும் புரிந்திருக்கும்.

அப்படித்தான் அந்த விசில். அது கேட்கும்வரை நான் தேத்தண்ணி குடிக்கமாட்டேன். நீங்கள் சிரிக்கும்போது நான் அடுப்படியில் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன், அவள் என் முகத்தைப் பார்ப்பாள்.

ஒரு நாள் காலையில் விசில் வரவில்லை. நல்ல மூடுபனி. நீங்கள் இன்னும் எழும்பவில்லை. கொஞ்சம் பொறுத்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ பாடி முடிந்தது, அப்போதும் இல்லை. அம்மா கதவைத் திறந்து பிடித்தாள். நான் ஓடினேன். படிக்கட்டை விட்டு, மேட்டுச் சரிவின் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து எழும்பி, குறுக்கு வழியாக ஏறினேன்.

மாமா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். கன்னம் உப்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார், சொல் வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அவர் விழுங்கினார்.

"வாய் நெறைய ரொட்டிய வச்சிக்கிட்டு எப்படி விசிலடிக்கிறது?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு ரொட்டி தின்னு என்றேன். பசியில்லை என்றார். பசியில்லாவிட்டாலும் தின்னு என்றேன். அவர் பிய்த்து வாயில் போட்டு மென்றார். தாடை ஏறி இறங்குவதை முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா மென்றுகொண்டே என் காலைப் பார்த்தார். தேயிலை மிலாறுக் குச்சி கீறிப் பாதத்தில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"செருப்பு எங்க அத்தான்?" என்றார். பிறகு எழும்பி, நல்ல சட்டையைத் தேடாமல், தண்ணீர் வாளியும் சவர்க்காரமும் எடுத்துவந்து என் காலடியில் வைத்தார்.