தெர்மாமீட்டர் தொங்கிய சுவர்

போன வாரம் காலை ஏழே காலுக்கெல்லாம் குற்றாலத்திலிருந்து பலவேசம் அண்ணாச்சி முதல் பஸ் பிடித்துத் தென்காசியில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் துணிப்பை. முகத்தில் கடுகைப் போட்டால் வெடிக்கும்.

அண்ணாச்சி குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கிறார். எனக்கு இருபது வருஷச் சிநேகிதர். அன்று பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

"ஓய்! உம்ம எழுத்துல தீய வைக்க!"

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"திருவாதிரை பாக்க வந்த கோயில்பட்டிக்காரங்க எட்டுப் பேரு நேத்து விடிஞ்சதும் என்ன செஞ்சாங்க தெரியுமாவே? ஜன்னல் கர்ட்டனை அவுத்துப் போத்திக்கிட்டு என் மேசை முன்னால வந்து நிக்காங்க! கர்ட்டன் பூரா மயில் படம். எட்டு மயிலு வரிசையா நின்னு பல்லைக் கடகடன்னு ஆட்டுது. கம்பளி எங்கன்னு கேக்காங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

கம்பளி எங்கே போயிற்று? அங்கேதான் என் தலை உருள்கிறது.

ஐப்பசியில் இந்தப் பேப்பரில் இதே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினேனே... ஞாபகம் இருக்கிறதா? மறந்திருந்தால் புண்ணியமாகப் போகும். கண்டம் கண்டமாகச் சூடேறி வருகிறது, குளிர்காலம் வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே போகிறது என்று எங்கோ படித்திருந்தேன். உடனே என் நோட்டை எடுத்தேன். செங்கோட்டைப் பக்கம் எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய துரை ஒருவருடைய தெர்மாமீட்டர் என் கைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அதைப் பின்சுவரில் ஆணி அடித்து மாட்டி, தினமும் காலை ஏழு மணிக்குப் பார்த்து எழுதுகிறேன். காய்ச்சலில் கிடந்தபோதும் எழுதினேன். நோட்டைப் புரட்டினால் — அப்படியே இருக்கிறது! நாலு வருஷமாக மார்கழிக் காலை மூன்று கோடு ஏறியிருக்கிறது. சித்திரையும் ஏறியிருக்கிறது.

விடுவேனா? 'தென்காசிக் குளிர் செத்தது. இனிக் குற்றாலத்தில் கம்பளிக்கு வேலை இல்லை' என்று அடித்து எழுதிவிட்டேன்.

அண்ணாச்சி அதை நம்பினார். லாட்ஜின் பழைய கம்பளிகளை எல்லாம் பண்டாரங்களுக்குத் தர்மம் செய்துவிட்டார். புதிது வாங்கவில்லை.

"தப்புன்னு எழுதும். அதே பேப்பர்ல, அதே இடத்துல எழுதும்."

"எது தப்பு? உங்க கோயில்பட்டிக்காரங்க நோஞ்சானா இருந்தா நான் என்ன செய்ய? பதினோரு வருசம் எழுதியிருக்கேன் அண்ணாச்சி. நோட்டு பொய் சொல்லாது."

எனக்கும் ரோஷம் உண்டு. பதினோரு வருஷ உழைப்பை ஒரு ஜன்னல் துணி வந்து பொய்யாக்குவதா?

அண்ணாச்சி துணிப்பையைத் திறந்தார். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தார். தேங்காய் எண்ணெய். சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தது. தலைகீழாகக் கவிழ்த்தார். ஒரு சொட்டு விழவில்லை.

"இதுக்கு என்ன சொல்லுதீரு?"

இதற்கா எனக்குப் பதில் தெரியாது? மார்கழி வந்தால் நம் வீடுகளில் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுப் பெண்கள் தலையை விரித்துப்போட்டுக் காத்திருப்பார்கள், இல்லையா? எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக அந்தக் காட்சியே கிடையாது.

"ஏட்டி மீனாட்சி! நம்ம பாட்டிலை எடுத்துட்டு வா!"

என் மனைவி கொண்டுவந்தாள். உள்ளே எண்ணெய் தண்ணீராக ஆடியது. நெஞ்சை நிமிர்த்தினேன். அண்ணாச்சி ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு முகர்ந்தார்.

"பாதிக்குப் பாதி கடலை எண்ணெய். இமயமலையில கொண்டு வச்சாலும் உறையாதுவே."

"நான் சொன்னேன்லா?" என்றாள் மீனாட்சி. "ரெண்டு வருசமா தலையில பலகாரம் சுட்ட வாடை அடிக்குன்னு சொன்னேன். காதுல வாங்குனாத்தானே!"

எண்ணெய்க் கடைக்காரனை வேறொரு வாரம் கவனித்துக்கொள்ளலாம். நான் அசரவில்லை. அண்ணாச்சியின் பாட்டிலைப் பிடுங்கினேன். பின்சுவருக்குப் போனேன். தெர்மாமீட்டருக்குக் கீழே இருந்த மாடத்தில் வைத்தேன்.

"காப்பி குடிச்சிட்டு வந்து பாருங்க. தென்காசியில குளிர் இருக்கா இல்லையான்னு தெரியும்."

குடித்தோம். வந்து பார்த்தோம். எண்ணெய் உருகி நின்றது!

குதித்தேன். ஆமாம், இந்த வயதில் குதித்தேன். அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். உள்ளங்கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

"ஏ தாயி, இதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"என் அடுப்பு, அண்ணாச்சி. இட்லி வெந்துக்கிட்டிருக்கு."

"எத்தனை வருசமா அங்கன இருக்கு?"

"முந்தி மேக்கால இருந்திச்சு. காத்துக்குப் புகை முகத்துல அடிக்குன்னு இங்கன மாத்திக் கட்டுனோம். அது இருக்கும்... நாலு வருசம்."

நாலு வருஷம்.

நோட்டைத் திறந்தேன். முதல் ஏழு வருஷம் தரை மாதிரி ஒரே மட்டம். அப்புறம் ஒரே ஒரு படி. ஒரு படி ஏறி, அங்கேயே நிற்கிறது. பூமி சூடேறினால் கொஞ்சம் கொஞ்சமாக அல்லவா ஏறும்?

மீனாட்சி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அமாவாசைக்கு நான் அடுப்பை லேட்டாத்தான் மூட்டுவேன். அன்னைக்குக் குறைஞ்சிருக்கா பாருங்க."

பார்த்தேன். ஒவ்வோர் அமாவாசையும் குறைந்திருந்தது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? ஐப்பசிக் கட்டுரையில் அதற்கென்று ஒரு பாராவே எழுதியிருக்கிறேன் — சந்திரனின் ஈர்ப்பு என்று!

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் எழுந்து ஓடியது.

ஆகவே எழுதுகிறேன். அதே பேப்பரில், அதே இடத்தில். தப்பு. முழுத் தப்பு. நாலு வருஷமாக நான் எழுதியது தென்காசியின் குளிர் அல்ல; என் வீட்டு இட்லி வெந்த கதை. நம் மனசுக்குப் பிடித்த சேதி வந்து உட்கார்ந்துவிட்டால், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு எரிகிறதா என்று யார் எட்டிப் பார்க்கிறோம்?

கண்டங்கள் சூடேறுகின்றனவா? எனக்குத் தெரியாது. ஊர் ஊருக்கு என்னைப் போல விடியற்காலையில் எழுந்து நோட்டில் எழுதுகிற பைத்தியங்கள் இருப்பார்கள். ஆயிரம் நோட்டும் ஒரே மாதிரி ஏறினால் நம்பித்தான் ஆகவேண்டும். ஆயிரம் வீட்டிலும் ஒரே நாளிலா அடுப்பை மாற்றிக் கட்டியிருப்பார்கள்? ஆனால் என் நோட்டு அந்தக் கணக்கில் சேராது. தெர்மாமீட்டரைக் கழற்றிக் கொய்யா மரத்து நிழலில் மாட்டிவிட்டேன். இனி முதல் வருஷத்திலிருந்துதான்.

அண்ணாச்சி சும்மா போனாரா? எங்கள் வீட்டில் இருந்த நாலு கம்பளியையும் சுருட்டிக் கட்டிக்கொண்டார்.

"தை முடிஞ்சு தாரேன். குளிருதான் செத்துப்போச்சே, உமக்கு எதுக்குவே?"

எனவே, இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான்.

பொய் சொல்லுகிற சுவர்தான்... ஆனால் நல்ல சூடு!